மண் கரையும் மண் நடுக்கமும்

நீரைத் தேக்கி வைத்து நிலத்தை வாழவைக்கும் கலையில் தமிழர் தொன்றுதொட்டே சிறந்து விளங்கினர் என்பதற்குச் சான்றுகள் பல உள. புறநானூற்றின் பதினெட்டாம் பாடலில் குடபுலவியனார் என்னும் புலவர், பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுறுத்துகின்றார். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சியின் பிற வாரியங்களோடு ஏரி வாரியம் ஒன்றும் இருந்ததைக் கூறுகின்றன. அவ்வாரியத்திற்கு உறுப்பினர் அறுவர் குடவோலை வழியே தெரிந்தெடுக்கப்பட்டனர். ஏரிக்கரையைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை, ஆண்டுதோறும் அதனைப் பார்த்துப் பேணுவதும் ஊரார் பொறுப்பே என்ற தெளிவு அக்காலத்தில் வேரூன்றியிருந்தமை இதனால் விளங்கும்.

ஆயினும், நம் முன்னோர் கரைக்குப் பகையெனக் கண்டவை வெள்ளமும், கசிவும், எலி வளையும், மரவேரும், மாந்தரின் கவனமின்மையுமே எனலாம். கரை நிற்கும் நிலமே குலுங்கினால் கரை என்னாகும் என்னும் வினாவிற்குரிய விடை, பெரும்பாலும் பிற நிலங்களில், அழிவின் வாயிலாகவே எழுதப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதனின்று நாம் பெறத்தக்க உண்மை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுங்கை பாக்காப் வட்டாரத்தாருக்கு மண் கரை புதியதன்று. வெல்லஸ்லி மாகாணம் என இப்பெருநிலப்பகுதி வழங்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில், இதன் தென்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. கடலோரச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தும், உவர்நீர் ஏறாவண்ணம் கரை எழுப்பியும் கரும்பு நடப்பட்டது. அம்மண்ணை வெட்டிச் சுமந்தோருள் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய் வந்த நம்மவர் பலர். இன்று நம் வீட்டுக் குழாய்களில் வரும் நீருக்கும் மண் கரைக்கும் தொடர்புண்டு. பினாங்குத் தீவில் 1962ஆம் ஆண்டின் ஆயர் ஈத்தாம் அணையும், 1999ஆம் ஆண்டின் தெலுக் பஹாங் அணையும், பெருநிலத்தில் 1985ஆம் ஆண்டின் மெங்குவாங் அணையும் மண்ணால் எழுப்பப்பட்டவையே. இவற்றுள் மெங்குவாங் அணை பின்னர் விரிவாக்கப்பட்டு, அதன் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஆகவே, மண் அணை நடுக்கத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிவது நமக்கு வெறும் ஏட்டறிவு அன்று.

மண் அணையின் உடலமைப்பு

மண் அணை என்பது கண்ணுக்கு ஒரு நீண்ட மேடாகத் தோன்றினும், உள்ளே பல உறுப்புகளைக் கொண்டது. நடுவில் நீர் எளிதில் ஊடுருவாத களிமண் அகடு அமைந்திருக்கும். அதன் இருபுறமும் எடை தந்து தாங்கி நிற்கும் மண்ணோ கல்லோ குவிக்கப்பட்டிருக்கும். அகட்டின் பின்புறத்தில், கசியும் நீரைத் தெளிவாக வெளியேற்றி மண் துகளை மட்டும் தடுத்து நிறுத்தும் மணல் வடிகட்டி இருக்கும். நீர்மட்டத்திற்கும் அணையின் முகட்டிற்கும் இடையே சில மீட்டர் உயரம் மிகையாக விடப்படும். இதனை மிகையுயரம் என இங்குக் குறிப்போம். நீரை வேண்டும்போது விடுதற்கு மதகும், மிகுந்தபோது வழிந்தோடுதற்குக் கலிங்கும் உண்டு.

இவ்வளவு இருந்தும் அணையின் வலிமை ஒன்றையே பெரிதும் சார்ந்துள்ளது. மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அளவான ஈரத்தில் இறுக்கியிருத்தல் வேண்டும் என்பதே அது. பண்டைநாளில் மாடுகளை மிதிக்க விட்டும், திமிசு கொண்டு இடித்தும் மண்ணை இறுக்கினர். மண் மிக உலர்ந்திருந்தாலும் இறுகாது. மிக நனைந்திருந்தாலும் இறுகாது. இடைப்பட்ட ஓர் ஈரநிலையிலேயே அது நன்கு இறுகும் என்பதனை அளவையால் நிறுவியவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர்த்துறையில் பணியாற்றிய பிராக்டர் என்னும் பொறியாளர். அவர் தம் ஆய்வை வெளியிட்டது 1933இல். இவ்வாண்டை நினைவிற்கொள்வது நலம். அதற்கு முன்னர்க் கட்டப்பட்ட அணைகளுள் பல, இறுக்கத்தை அளந்து பார்க்காமலே எழுந்தவை.

நடுக்கம் கட்டிய கரை

நிலநடுக்கம் கரையை உடைக்கும் என்பதை யாவரும் அறிவர். நிலநடுக்கமே ஒரு கரையைக் கட்டிய வரலாறும் இந்தியாவில் உண்டு. 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் கட்ச் நாட்டில் பெருநடுக்கம் நேர்ந்தது. உப்பு வெளியான கட்ச் ரண் பகுதியில் ஒருபுறம் நிலம் தாழ்ந்து, சிந்திரி என்னும் கோட்டையைச் சூழ்ந்து நீர் நிரம்பியது. மறுபுறம் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்திற்கு, சில மீட்டர் உயரத்தில் ஒரு மேடு எழுந்தது. அது சிந்து ஆற்றின் கிளையொன்றின் குறுக்கே அமைந்து அதன் நீரைத் தடுத்தது. சிந்து நாட்டார் அவ்வாற்றின் குறுக்கே முன்னரே கரைகள் கட்டியிருந்தனர். மனிதர் கட்டிய அக்கரைகளினின்று வேறுபடுத்தி, இதனை மக்கள் 'அல்லா பந்து', அதாவது இறைவன் கட்டிய கரை, என்றழைத்தனர்.

இறைவன் கட்டியதென மக்கள் கொண்ட அக்கரையும் நிலைக்கவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1826இல், சிந்துவில் பெருகிய வெள்ளம் அம்மேட்டை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. கரையை எழுப்பியது நடுக்கம், உடைத்தது நீர். அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்தியர் பின்னர் அவ்விடத்தைக் கண்டு எழுதிய செய்திகளை, நிலவியலறிஞர் சார்லஸ் லயல் தம் நூலில் எடுத்தாண்டார். நீருக்கும் மண்ணுக்கும் நடுக்கத்திற்கும் உள்ள இம்முக்கோணத் தொடர்பே பின்னாளில் எல்லா அணைகளின் வரலாற்றிலும் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் காண்போம்.

கலிபோர்னியா கற்பித்த பாடம்

அணையறிவு முறையான அறிவியலாக வளர்ந்ததில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்குப் பெரும் பங்குண்டு. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பாழ்படுத்திய நடுக்கத்தின்போது, நிலப்பிளவுக்கு அண்மையில் முப்பதுக்கு மேற்பட்ட மண் அணைகள் இருந்தன. அவற்றுட் பல பிளவினின்று எட்டுக் கிலோமீட்டருக்குள் அமைந்தவை. மேல் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் அணையையோ அப்பிளவு ஊடறுத்தே சென்று, அதன் ஒரு பாதியை மறு பாதியினின்று இரண்டு மீட்டருக்கு மேல் நகர்த்திவிட்டது. அவ்வாறிருந்தும் இவ்வணைகளுள் எதுவும் பெரும் உடைப்புக்கு ஆளாகவில்லை. அவை பெரும்பாலும் களிமண்ணால் ஆனவை. களிமண்ணின் மீதோ பாறையின் மீதோ நின்றவை.

மண் அணை நடுக்கத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை என எண்ண இந்நிகழ்ச்சி இடந்தந்தது. அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தது சிறியதோர் அணை. சாந்தா பார்பரா நகருக்கு அருகில் 1917இல் கட்டப்பட்ட ஷெஃபீல்டு அணையின் உயரம் ஏறத்தாழ எட்டு மீட்டரே. 1925ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் விடியற்காலை நிகழ்ந்த நடுக்கத்தில், அவ்வணையின் நடுப்பகுதி, ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் நீளம், அடித்தளத்தின் மீது வழுக்கிக் கீழ்ப்புறம் பெயர்ந்தது. தேங்கியிருந்த நீர் முழுதும் வெளியேறிற்று. அணையின் அடியில் இறுகாத மணற்பாங்கான மண் இருந்ததும், அதில் நீர் ஊறி நிறைந்திருந்ததுமே காரணம் எனப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர்.

பெரும் எச்சரிக்கை 1971இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 9ஆம் நாள் காலை ஆறு மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடபால் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு குலுங்கியது. அங்கிருந்த கீழ்ச் சான் பெர்னாண்டோ அணையின் கட்டுமானம் 1912இல் தொடங்கியது. மண்ணை நீரோடு கலந்து குழாய் வழியே பாய்ச்சிப் படியவிடும் முறையால் அதன் பெரும்பகுதி எழுப்பப்பட்டது. செலவு குறைந்த முறை அது. ஆனால், அவ்வாறு படியும் மணல் இறுகுவதில்லை. நடுக்கத்தால் அணையின் நீர்ப்புறச் சரிவு முழுதும் முகட்டோடு சேர்ந்து நீர்த்தேக்கத்தினுள் சரிந்தது. நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்த அணை, தன் உயரத்தில் ஏறத்தாழ ஒன்பது மீட்டரை இழந்தது. நீருக்கும் நகருக்கும் இடையே எஞ்சியது ஒன்றரை மீட்டர் அளவுள்ள, வெடிப்பு விழுந்த மண்ணே. கீழ்ப்புறத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 80,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். நீர் அவசரமாக வடிக்கப்பட்டது. நீர்மட்டம் அன்று அணையின் முகட்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் தாழ்வாக இருந்தமையால்தான் அத்தனை உயிர்களும் பிழைத்தன.

குலுக்கம் ஓய்ந்த பின்னர் நேர்வது

சான் பெர்னாண்டோ அணையை ஆராய்ந்த போல்டன் சீட் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் வியத்தகு உண்மை ஒன்றைக் கண்டனர். அணையின் முகட்டில் இருந்த நடுக்கப்பதிவுக் கருவியின் குறிப்புகளைப் படித்தபோது, பெருஞ்சரிவு நடுக்கத்தின் உச்சத்தில் நிகழவில்லை என்பதும், குலுக்கம் ஓய்ந்து ஏறத்தாழ அரை நிமிடம் கழிந்த பின்னரே நிகழ்ந்தது என்பதும் தெரியவந்தன. உலுக்கிய கை நின்ற பிறகு கனி விழுந்தது போன்றது இது. ஏன் இவ்வாறு?

கடற்கரையில் அலை வந்து சென்ற ஈர மணலில் நின்று, காலால் அதனைத் தட்டிக்கொண்டே இருந்தால், உறுதியாகத் தோன்றிய மணல் இளகிக் குழம்பாவதைச் சிறுவரும் அறிவர். மணற்பருக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று தாங்கி நிற்பதனால்தான் மணலுக்கு வலிமை. பருக்கைகளுக்கு இடையிலுள்ள வெளி முழுதும் நீரால் நிறைந்திருக்கும்போது குலுக்கினால், அவை நெருங்கி அமரப் பார்க்கும். இடையிலுள்ள நீரோ உடனே வெளியேற வழியின்றி அழுத்தம் பெறும். அவ்வழுத்தம் பருக்கைகளை ஒன்றினின்று ஒன்று விலக்கித் தாங்கும் நிலையை எய்தினால், மணல் தன் வலிமையை இழந்து நீர்மம் போல் ஒழுகும். இதனையே மண் குழம்பாதல் என்பர். அழுத்தம் மிக்க நீர், அணையின் உள்ளே ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பரவச் சிறிது நேரம் பிடிக்கின்றது. அதனால்தான் குலுக்கம் நின்ற பின்னரும் ஆபத்து நிற்பதில்லை.

களிமண்ணிலும் நன்கு இறுக்கிய மண்ணிலும் இவ்வாறு நேர்வது அரிது. 1906இல் பல அணைகள் நிலைத்தமைக்கும் 1925, 1971ஆம் ஆண்டுகளில் இரண்டு வீழ்ந்தமைக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

குழம்பாத அணையும் பிற வகையில் பழுதுறும். முகடு தாழும், நெடுக்கிலும் குறுக்கிலும் வெடிப்புகள் தோன்றும். நெடுக்கு வெடிப்பைக் காட்டிலும் குறுக்கு வெடிப்பு அஞ்சத்தக்கது. ஏனெனில், நீர் இப்புறத்தினின்று அப்புறம் கடக்க அது வழியாகும். அத்தகைய வெடிப்பினூடே மண் அரித்துச் செல்லாமல் காப்பது முன்னர்க் கூறிய மணல் வடிகட்டியே. நேதன் நியூமார்க் என்னும் அறிஞர் 1965இல், அணை நடுக்கத்தைத் தாங்குமா தாங்காதா என்று மட்டும் கேளாமல், எத்துணைத் தூரம் நகரும், எத்துணை உயரம் தாழும் எனக் கணிக்கும் முறையை வகுத்தார். சிறிது தாழ்ந்தாலும் நீர்மட்டத்திற்கு மேலே போதிய மிகையுயரம் எஞ்சுமாயின் அணை தன் கடமையைச் செய்ததாகவே கொள்ளப்படும்.

மிகையுயரத்தின் பயனுக்கு மற்றொரு சான்று, 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் மோன்டானா மாநிலத்து ஹெப்கன் அணையில் கிடைத்தது. அங்கு நீர்த்தேக்கத்தின் தரையே சாய்ந்ததனால், தட்டில் ஏந்திய நீர் தளும்புவது போல் ஏரி முழுதும் தளும்பி, நான்கு முறை அணையைத் தாண்டி வழிந்தது. அணை பழுதுற்றது, எனினும் உடையவில்லை.

மீண்டும் கட்ச்

அல்லா பந்து எழுந்த அதே கட்ச் நாடு, 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குடியரசு நாள் காலை 8 மணி 46 நிமிட அளவில் மீண்டும் குலுங்கியது. பூஜ், பச்சாவ், அஞ்சார் முதலிய ஊர்கள் இடிபாடாயின. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. மழை குறைந்த அந்நாட்டில், ஆண்டில் சில நாளே நீரோடும் காட்டாறுகளின் குறுக்கே பாசனத்திற்கும் குடிநீருக்குமாகப் பல மண் அணைகள் கட்டப்பட்டிருந்தன. சாங், சிவ்லக்கா, ஃபதேகட், காஸ்வதி, சுவி, தாப்பர், ருத்ரமாதா என்பன அவற்றுள் பெயர்பெற்றவை. இவையனைத்தும் வெவ்வேறு அளவில் ஊறுபட்டன.

நடுக்க மையத்திற்கு அருகிலிருந்த சாங் அணையின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. பதினைந்தரை மீட்டர் உயரமுள்ள அவ்வணை, அடித்தளத்து மண் குழம்பியதனால் இருபுறமும் பரந்து அமர்ந்து உருவிழந்தது. பிற அணைகளில் நீர்ப்புறச் சரிவுகள் வழுக்கின. முகட்டின் நெடுக்கே ஆழமான வெடிப்புகள் ஓடின. இங்கு ஓர் ஐயம் எழலாம். ஜனவரித் திங்களில் அந்நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் வற்றியிருந்தன. நீரில்லாத ஏரியில் மண் குழம்பியது எவ்வாறு? ஏரி வற்றினாலும், அதன் தரையிலும் கரையின் நீர்ப்புற அடியிலும் உள்ள ஆற்றுப்படிவ மணலில் நீர் ஊறி நின்றது. அந்த ஈரமே போதுமானதாயிற்று.

மேலே நீர் நில்லாமையால் உடைப்பு வெள்ளம் ஏற்படவில்லை. பருவமழை நிறைந்த செப்டம்பரில் இந்நடுக்கம் நிகழ்ந்திருப்பின், இடிபாடுகளுக்குள் சிக்கியோர் மீது வெள்ளமும் பாய்ந்திருக்கும். கட்ச் மக்களை அன்று அணைகளின் கீழ்ப்புறத்தில் காத்தது கட்டுமானச் சிறப்பன்று, வறட்சியே. நல்லூழை நம்பி எவரும் கரையின் கீழ் ஊர் அமைத்தல் கூடாது.

அந்நல்லூழ் வாய்க்காத இடமும் உண்டு. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் சப்பானைத் தாக்கிய பெருநடுக்கத்தை நாம் ஆழிப்பேரலையோடும் அணுவுலையோடும் சேர்த்தே நினைக்கின்றோம். அதே நாளில் புகுஷிமா மாநிலத்துச் சுக்ககாவா நகரில் ஃபுஜினுமா என்னும் பாசன அணை உடைந்ததைப் பலர் அறியார். பதினெட்டரை மீட்டர் உயரமுள்ள அவ்வணையின் கட்டுமானம் 1937இல் தொடங்கி, போரினால் இடைநின்று, 1949இல் முடிவுற்றது. வேளாண் பருவத்தை எதிர்நோக்கி ஏரி நிறைந்திருந்தது. அணை தாழ்ந்து, நீர் மேலே வழிந்து, கரையை அறுத்தது. கீழ்ப்புறத்துச் சிற்றூரில் எண்மர் உயிரிழந்தனர். கட்ச் தப்பியது எத்தகைய கேட்டினின்று என்பதை ஃபுஜினுமா காட்டிவிட்டது.

இதற்கு மாறாக, சான் பெர்னாண்டோவில் வீழ்ந்த அணைக்கு ஈடாக, அதே பள்ளத்தாக்கில் முறைப்படி இறுக்கிக் கட்டப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் அணை, 1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் நார்த்ரிட்ஜ் நடுக்கத்தைச் சந்தித்தது. முகடு சிறிதளவு தாழ்ந்ததும் சில வெடிப்புகள் தோன்றியதும் தவிர அதற்கு ஊறு நேரவில்லை. நிலம் அதுவே, நீரும் அதுவே. மண்ணை வைத்த முறை மட்டுமே மாறியிருந்தது.

நாம் கொள்ளத்தக்கது

மேற்கூறிய நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒருங்கு வைத்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மண் அணை வீழ்வதற்குரிய காரணம் நடுக்கம் நேரும் அந்த ஒரு நிமிடத்தில் பிறப்பதன்று. இறுக்காது விட்ட அடுக்கிலும், தோண்டி அகற்றாது விட்ட அடித்தள மணலிலும், குறைத்துவிட்ட மிகையுயரத்திலும் அது பல்லாண்டுகளுக்கு முன்னரே குடிபுகுந்து விடுகின்றது. நடுக்கம் அதனை வெளிப்படுத்துகின்றது, அவ்வளவே.

தீவகற்ப மலேசியா பெருநடுக்கங்களின் மையமாக இல்லாதது நம் பேறு. எனினும், சுமத்ராவின் மேற்கே நிலம் பிளக்கும்போதெல்லாம் அதன் அசைவு நம்மையும் எட்டுகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பினாங்கின் உயர்ந்த கட்டடங்களில் இருந்தோர் அசைவை உணர்ந்தனர். அன்று நண்பகலுக்குப் பின் வந்த ஆழிப்பேரலையில் பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமக்கு நேராது என்றிருந்த ஒன்று நேர்ந்த நாள் அது. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சபாவின் ரானாவ் பகுதியில் நேர்ந்த நடுக்கத்தில் கினபாலு மலையில் இருந்த பதினெண்மர் உயிரிழந்தனர். அச்சத்தை வளர்ப்பதற்காக இவற்றைக் கூறவில்லை. தொலைவிலிருந்து வரும் மெல்லிய அசைவு, நன்கு கட்டிப் பேணப்படும் மண் அணையை வீழ்த்துவதன்று. ஆனால், பேணுதல் என்பது இடையறாத தொழில். கசிவுநீரின் அளவும் தெளிவும் குறித்து வைக்கப்படல் வேண்டும். கசிவு கலங்கி வருமாயின் உள்ளே மண் அரிக்கப்படுகின்றது என்பது பொருள். துளைநீரின் அழுத்தம் கருவிகளால் அளக்கப்படல் வேண்டும். முகட்டின் மட்டம் காலந்தோறும் சரிபார்க்கப்படல் வேண்டும். ஒவ்வொரு நடுக்கத்திற்குப் பின்னரும், அது சிறிதாயினும், கரை நெடுக நடந்து பார்த்தல் வேண்டும்; குலுக்கம் ஓய்ந்த பின்னும் ஆபத்து ஓய்வதில்லை என்பதைச் சான் பெர்னாண்டோவில் கண்டோமன்றோ!

தமிழாசிரியர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகவே பெரும்பாலும் மாணவர்க்கு எடுத்துரைக்கின்றனர். அது பெருமைக்குரியதே. அக்குடவோலையில் தெரிந்தெடுக்கப்பட்ட அறுவரும் ஆண்டு முழுவதும் என்ன பணி செய்தனர் என்பதையும் உடன் கேட்கச் செய்தல் நன்று. மழை பெய்யாத நாளிலும், கரை உடையாத ஆண்டிலும், அவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்கள் அறிந்திருந்த அக்கடமையையே, கட்சும் கலிபோர்னியாவும் சப்பானும் பெருவிலை கொடுத்து மீண்டும் கற்றுக்கொண்டன.